சீருடையில் ரொட்டி வாசனை

அத்தியாயம் பதினொன்று

அம்மாவிடம் பொய் சொல்கிற சாமர்த்தியம் அக்காவுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. உண்மையைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிடும் ரகம் அவள். அப்படிப்பட்டவள் இன்று காலை காலணியை மாட்டிக்கொண்டே, இன்றைக்கு விமானம் கிடையாது, வெறும் பயிற்சி வகுப்புதான் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினாள்.

பொய்க்குக் காரணம் இருந்தது. அக்காவும் தம்பியும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். அவள் விமானப் பணிப்பெண். அவன் துணை விமானி. அவன் வேலையில் சேர்ந்த அன்றே அம்மா இருவர் கையையும் பிடித்து ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள். எங்கே வேண்டுமானாலும் பறந்துகொள்ளுங்கள், ஆனால் இரண்டு பேரும் ஒரே விமானத்தில் ஏறக் கூடாது, எனக்கு ஒருத்தராவது மிஞ்ச வேண்டும் என்றாள். கணவனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தவள் இப்படிக் கேட்டால் யார்தான் எதிர்த்துப் பேசுவார்கள்?

அந்த வாக்கை இத்தனை காலம் காப்பாற்றிக் கொடுத்தவர் ரோஸ்டர் அண்ணன். யார் எந்த விமானத்தில் போவது என்று வாராவாரம் அட்டவணை போட்டுக்கொண்டிருந்த மனிதர். உங்கள் அம்மாவின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொள்ள என்னால் முடியாதம்மா என்று சிரித்துக்கொண்டே, இவளைக் கிழக்கே அனுப்பினால் அவனை மேற்கே அனுப்புவார். ஆட்குறைப்பில் முதலில் உருண்ட தலைகளில் அவருடையதும் ஒன்று. இப்போது அட்டவணையைக் கம்ப்யூட்டர் போடுகிறது. அதற்கு அக்காவும் தெரியாது, தம்பியும் தெரியாது, அம்மாவைப் பற்றிக் கவலையே கிடையாது. இருவரையும் தூக்கி இன்று ஒரே விமானத்தில் போட்டுவிட்டது.

மாற்றிக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. மாற்றிக் கேட்கிற காலமா இது?

சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானங்களை ஓட்டும் சின்னக் கம்பெனி அது. வாடகைக்கு எடுத்திருக்கிற விமானங்களில் பாதியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள் என்று அறிவித்தாயிற்று. விமானம் பாதியானால் ஆட்களும் பாதிதானே? அலுவலகத்தின் மாடியில் ஓர் அறையைத் திறந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். மாடிக்குப் போய் வந்தவர்கள் யாரும் அடுத்த நாள் சீருடை போட்டதில்லை. "அவரை மாடிக்குக் கூப்பிட்டுட்டாங்களாம்" என்பதை ஊழியர்கள் சாவுச் செய்தி சொல்கிற குரலில்தான் சொல்கிறார்கள். கடைசி நேரத்தில் 'இன்றைக்கு என்னால் பறக்க முடியாது' என்று சொன்னவர்களுக்குத்தான் முதல் அழைப்பு என்பதும் ஊரறிந்த ரகசியம். களைப்பாக இருக்கிறது என்று போன மாதம் சொன்ன ஒரு விமானி இப்போது வீட்டில் களைப்பாறிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. வந்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உதட்டுச் சாயத்தைக் கொஞ்சம் அழுத்திப் பூசிக்கொள்கிறார்கள்.

அக்கா அந்த விஷயத்தில் கெட்டிக்காரி. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரு தரம்கூட 'முடியாது' என்று சொன்னதில்லை. மாடிக்குக் கூப்பிட்டாலும் அவளைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டில் ஒருவனுக்கு அக்கா என்றால் கம்பெனியில் அத்தனை பேருக்கும் அக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது அவள் மனதில் அம்மா இல்லை, மாடியும் இல்லை. போன வாரம் அவள் கண்ணில் பட்ட அந்த வண்டிதான் இருந்தது.

அன்று விடிகிற நேரம், சிக்னலில் பஸ் நின்றது. பக்கத்தில் ரொட்டி கொண்டுபோகிற மூடிய வண்டி ஒன்று. ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி, சிவப்பு விளக்கு மாறியதுகூடத் தெரியாமல், பின்னால் வந்தவன் ஹாரனை அலறவிட்ட பிறகே திடுக்கிட்டு வண்டியை எடுத்தவன் அவளுடைய தம்பி. அவன் அவளைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கேட்கலாமா வேண்டாமா என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். கேட்டால் அவன் ஏதாவது சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியாதே என்ற பயம்.

ஊழியர்கள் கூடும் அறையில் இன்று கூட்டமே இல்லை. முன்பெல்லாம் உட்கார இடம் கிடைக்காது. இப்போது நாற்காலிகள்தான் அதிகமாக இருந்தன. காபி இயந்திரத்தை எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு, இன்னும் எடுக்கவில்லை. மூலையில் ஒரு இளம்பெண் முழுச் சீருடையில், கால்களைச் சேர்த்து வைத்து, பேருந்து நிலையத்தில் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் புதியவள். அக்கா அவளைப் பார்த்துச் சிரித்து, பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு அந்தப் பெண் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு பாக்கெட்டை அவசரமாகப் பிரித்தாள்.

அப்போதுதான் சுண்டு உள்ளே வந்தான்.

அவன் பெயர் அதுவல்ல, வீட்டுப் பெயர். சின்ன வயதில் தெருவில் நடக்கும்போது அக்காவின் கையைப் பிடிக்க மாட்டான், சுண்டுவிரலை மட்டும்தான் பிடிப்பான். அதிலிருந்து சுண்டு. இன்று அவன் குனிந்துதான் விமானக் கதவுக்குள் நுழைய வேண்டும். ஆள் வளர்ந்தான், பெயர் வளரவில்லை என்று அவனுடைய மனைவியே கேலி செய்வாள்.

தேய்த்து மடிப்பு கலையாத சட்டை, தோளில் பட்டை, கையில் தொப்பி. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அவன் காபி எடுக்க அவளைத் தாண்டிப் போனபோது சூடான ரொட்டியின் வாசனை வந்தது. இனிப்பான, நல்ல வாசனை. அக்கா சட்டென்று கீழே பார்த்தாள். பளபளவென்று துடைத்த கறுப்பு ஷூவின் ஓரத் தையலில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது.

அவன் பக்கத்தில் போய் நின்றாள். காபி சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ராத்திரி தூங்கினியா?"

"தூங்கினேன்கா."

"எங்க? ரொட்டி வண்டியிலயா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. கோப்பை நிரம்பி வழிந்தது, அதைக்கூட அவன் கவனிக்கவில்லை. அவள்தான் கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினாள்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கம்பெனி விமானிகளுக்குப் பறக்கிற நேரத்துக்குத்தான் சம்பளம் என்று ஆக்கிவிட்டது. பயணங்களைக் குறைத்ததும் நேரம் குறைந்தது, வீட்டுச் செலவு குறையவில்லை. பேக்கரியில் நள்ளிரவுக்கு மேல் ஆள் கேட்டார்கள், போனான். மனைவியிடம் இரவு விமானம் என்று சொல்லியிருக்கிறான். அவளும் பாவம், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வாசலில் நின்று கையசைத்து அனுப்புகிறாள். இப்படி இரண்டு மாதமாக நடக்கிறது. இதுவரை, காலையில் விமானம் இருந்தால் முதல் நாள் ராத்திரி வண்டிக்குப் போக மாட்டான். நேற்று இன்னொரு டிரைவர் வராததால் மறுக்க முடியவில்லை.

"கேப்டன் மேடம்கிட்ட நீயே சொல்லிடு சுண்டு. இன்னைக்கு முடியலைன்னு ஒரு வார்த்தை, போதும்."

"சொன்னா மாடிதான்கா."

"நாப்பது பேர் ஏறப் போறாங்கடா."

"தெரியாமலா இருக்கேன்? இந்தக் காபிய குடிச்சா சரியாயிடும்." ஒரு வாய் குடித்தான். குடித்தவன் கண்ணை மூடி, திறக்கக் கொஞ்சம் தாமதமாயிற்று. "என் வாயால நான் சொல்ல மாட்டேன்கா. உனக்குச் சொல்லணும்னு தோணிச்சுன்னா சொல்லிக்கோ. நான் தடுக்க மாட்டேன்."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கெஞ்சியிருந்தாலும் தேவலை. அவன் இரண்டும் செய்யவில்லை. சாவதும் பிழைப்பதும் உன் கையில்தான் என்பதைப் பச்சைப் பிள்ளை மாதிரி அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு அத்துப்படி. களைப்பு என்றால் வேலை போகும். களைப்பு எதனால் வந்தது என்று கிளறினால் வண்டி வெளியே வரும். ஓய்வு நேரத்தில் ரகசியமாக வேறு வேலை பார்த்தான் என்றால் விமானி உரிமமே போகும். அதன் பிறகு அவன் வாழ்நாள் முழுக்க ரொட்டி வண்டிதான். ஆகாயத்தில் எது பறந்தாலும் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்த பையன் அவன்.

கேப்டன் மேடம் வந்தார். ஓய்வு பெறுகிற வயதை நெருங்கியவர், கறார் பேர்வழி. வானிலையைப் படிக்கும்போது ஒரு கமாவைக்கூட விழுங்க மாட்டார். போகிற இடம் குன்றுகளுக்கு நடுவே உள்ள சின்ன ஓடுதளம். அங்கே மேகம் தாழ்ந்திருக்கிறது, குறுக்குக் காற்று வேறு. விமானத்தை இறக்குவது இருவரும் முறைபோட்டுச் செய்கிற வேலை, இன்றைய முறை தம்பியுடையது என்று சொல்லி அவனைப் பார்த்தார். அவன், சரி மேடம் என்றான். குரல் சரியாகத்தான் இருந்தது.

அக்கா அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் இருந்த வலது கை மெல்ல மூடியது. கட்டைவிரலை உள்ளே வைத்து நான்கு விரல்களும் அதை மூடிக்கொண்டன. தூக்கத்தில்தான் அவன் கை அப்படிப் போகும். தொட்டிலில் இருந்த நாளிலிருந்து அவள் பார்த்து வருவது. கண் திறந்திருந்தது, தலையும் நிமிர்ந்திருந்தது. ஆனால் ஆள் அங்கே இல்லை. பிறகு கை சட்டென்று விரிந்தது, அவன் பேனாவை எடுத்துக்கொண்டான். கேப்டன் கவனிக்கவில்லை.

கேப்டன் மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கிளம்புமுன் ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்பார், ஒவ்வொருவரும் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். தலையாட்டல், முனகல் எல்லாம் செல்லாது.

"தயாரா?"

"தயார் மேடம்," என்றான் தம்பி.

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். அவளுக்கு அந்த நொடியில்தான் அந்த யோசனை வந்தது. இந்த விமானத்துக்குப் பணிப்பெண் ஒருத்திதான். அவள் இல்லாமல் விமானம் நகரக் கூடாது, அது சட்டம். பதில் ஆளை வீட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். இந்த நெரிசலில் அவள் வந்து சேர்வதற்குள் சுண்டு சோபாவில் படுத்து ஒரு தூக்கம் போட்டுவிடலாம். நேரம் இன்னும் தாண்டினால் விமானமே ரத்தாகிவிடும். அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். போகிற பழி தன் தலையோடு போகட்டும்.

"நான் தயார் இல்லை மேடம்," என்றாள்.

கேப்டன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். காது அடைத்திருக்கிறது, மேலே போனால் தாங்காது என்று அக்கா சொன்னாள். இன்றைக்கு இரண்டாவது பொய். காலையிலிருந்து பழகிவிட்டதால் இது கொஞ்சம் சுலபமாகவே வந்தது. உங்களிடமிருந்து இதைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை என்றார் கேப்டன். அதில் கோபம் இல்லை, அனுதாபம்தான் இருந்தது. அடுத்த அழைப்பு யாருக்கு என்று அவருக்கும் தெரியுமே.

"சரி, ஸ்டாண்ட்பை யாரு?"

"நான் மேடம்."

மூலையிலிருந்த பெண் எழுந்து நின்றாள். பாவாடையில் இருந்த பிஸ்கட் தூளை அவசரமாகத் தட்டிவிட்டாள்.

அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. பதில் ஆள் வீட்டில் இருப்பதெல்லாம் போன வாரம் வரை. இந்தத் திங்கட்கிழமையிலிருந்து விமான நிலையத்திலேயே வந்து காத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. காத்திருக்கிற நேரத்துக்குச் சம்பளம் கிடையாது, பறந்தால்தான் உண்டு. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததை அக்காவே படித்து, இது என்ன அநியாயம் என்று நாலு பேரிடம் சொல்லியும் இருந்தாள். அந்த அநியாயத்தில் அகப்பட்டவளுக்குத்தான் பிஸ்கட்டும் கொடுத்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்த நேரத்தில், இத்தனை ஆண்டுப் பழக்கத்தில், ஸ்டாண்ட்பை என்றால் வீட்டில் இருப்பவள் என்று புத்தி நம்பிவிட்டது.

"அக்கா, உங்களுக்குச் சீக்கிரம் சரியாயிடும்," என்றாள் அந்தப் பெண். சந்தோஷத்தை மறைக்க அவள் பட்ட பாடு பார்க்கப் பரிதாபமாக இருந்தது. அக்கா, பறக்கிற பணிப்பெண்ணிடம் இருந்தே ஆக வேண்டிய தன்னுடைய டார்ச்சை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

கேப்டன் கிளம்பினார், பெண் பின்னால் ஓடினாள். சுண்டு கடைசியாக எழுந்தான். அவள் பக்கத்தில் வந்து நின்றபோது அவன் முகம் தெளிந்திருந்தது. அவள் எதற்காக விலகினாள் என்று அவனாகவே ஒரு கணக்குப் போட்டிருந்தான்.

"அம்மாவுக்காகத்தானே?" என்றான் மெதுவாக. "நல்லதாப் போச்சுக்கா. இனிமே அவங்ககிட்ட பொய் சொல்ல வேண்டாம்."

சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி, அவளுடைய சுண்டுவிரலை ஒரு நொடி பிடித்து விட்டுவிட்டுப் போனான். அவன் அப்படிப் பிடித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அக்கா கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள், அவன் கதவைத் தாண்டியிருந்தான்.

அவள் கட்டுப்பாட்டு மேசைக்குப் போனாள். விமானங்களோடு கம்பெனி பேசுகிற வயர்லெஸ் அங்கேதான் இருக்கிறது. மூன்று பேர் பார்த்த வேலையை இப்போது ஒரு டியூட்டி மேனேஜர் தனியாகப் பார்க்கிறார். நீங்களுமா அக்கா என்று அவர் வருத்தப்பட்டு, விலகியதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும், காகிதம் உள்ளறையில் இருக்கிறது, இதோ வருகிறேன் என்று எழுந்து போனார்.

கண்ணாடிக்கு அப்பால் பயணிகள் வரிசையாக நடந்து போனார்கள். கட்டுப்போட்ட கையோடு ஒருவர். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்ட ஒரு தாய். புதுப்பெண் கதவருகே நின்று எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு மூடுகிறவரை அந்த வணக்கங்களுக்கும் சம்பளம் கிடையாது.

சுண்டு விமானத்தைச் சுற்றி வந்து சோதித்துக்கொண்டிருந்தான். டயரைத் தொட்டான், இறக்கையை அண்ணாந்து பார்த்தான். பின்பக்கச் சக்கரத்தருகே வந்ததும் நின்றான். சக்கரத்துக்கு மேலே இருக்கும் இரும்புத் தண்டில் நெற்றியை வைத்தான். ஏதோ உற்றுப் பார்ப்பதுபோல இருந்தது. ஆனால் அவன் பார்க்கவில்லை. அவன் கை பக்கத்தில் தொங்கியது, விரல்கள் கட்டைவிரலை மூடியிருந்தன.

கதவு மூடிற்று. விசிறிகள் சுற்றத் தொடங்கின. விமானம் நகர்ந்தது.

அக்கா மேசையைச் சுற்றிப் போய் வயர்லெஸ்ஸை எடுத்தாள். விமானத்தின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள். கேப்டனிடம் நேராகச் சொல்லிவிடுவது என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் அவள் மண்டையில் ஓடவில்லை.

"கேட்குது, சொல்லுங்க," என்றது சுண்டுவின் குரல்.

தரையில் விமானத்தை ஓட்டுகிறவர் கேப்டன். அவர் காதில் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கட்டளைகள். கம்பெனி வயர்லெஸ்ஸுக்குப் பதில் சொல்கிற வேலை எப்போதும் துணை விமானிக்கு. இத்தனை வருஷ வேலையில் இது அவளுக்குத் தெரியாததா? தெரியும். பதற்றத்தில் மறந்துபோயிற்று. தம்பிக்குத் தெரியாமல் தம்பியைக் காட்டிக்கொடுக்கலாம் என்று நினைத்தவள், தம்பியிடமே அதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"சொல்லுங்க, லைன்ல இருக்கேன்," என்றான் அவன் மறுபடியும்.

"சுண்டு."

அவள் பொத்தானை மறுபடியும் அழுத்தினாள்.

"நான் அம்மாவுக்காக இறங்கலைடா. உன்னை நிறுத்தத்தான் இறங்கினேன். நின்னுடுவேன்னு நினைச்சேன். நிக்கலை." கண்ணாடி வழியே விமானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ சக்கரத்துக்கிட்ட தூங்கினத பார்த்தேன். மேடம்கிட்ட நீயே சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் கோபுரத்தைக் கூப்பிட்டுச் சொல்லுவேன். சத்தியமா சொல்லுவேன்."

இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. விமானம் ஓடுதளத்துக்குத் திரும்புகிற வளைவை நெருங்கியது. அக்கா வயர்லெஸ்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிவிட்டால் அதன் பிறகு அவன் கேட்க மாட்டான். அவளும் சொன்னதைச் செய்துதான் ஆக வேண்டும்.

"மேடம்," என்று அவன் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது கேட்டது. பொத்தானிலிருந்து கையை எடுக்க மறந்திருந்தான். "மேடம், வண்டியை நிறுத்துங்க. நான் தயார் இல்லை."

அதோடு வயர்லெஸ் அமைதியாயிற்று.

விமானம் வளைவில் நின்றது. கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாததுபோல அங்கேயே நின்றது. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே வந்தது. காகிதத்தோடு திரும்பிய மேனேஜர், ஜன்னலையும் அவள் கையிலிருந்த வயர்லெஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். கைக்கட்டு மனிதர் யாரிடமோ கத்தினார், யாருக்கும் என்ன நடந்தது என்று தெரியாது. குழந்தை இன்னும் தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது மட்டும் அக்காவுக்கு நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கியது.

புதுப்பெண் வந்து டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தாள். "கதவு மூடிச்சுக்கா. ஆனா கொஞ்ச நேரம்தான்," என்றாள். பிறகு மூலையில் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, மீதி பிஸ்கட்டை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

கேப்டன் மேடம் வந்தார். அக்காவின் தோளில் கையை வைத்து எடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு சுண்டு. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். அக்கா எழுந்து நின்றாள். அவன் அவளைப் பார்த்தான், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரை நடைபாதையில் பார்த்து ஒதுங்குவோமே, அப்படி ஒதுங்கி அவளைத் தாண்டிப் போனான். இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டிருந்தான். மாடிப்படியில் அவன் காலடி ஓசை கேட்டது, மேலே ஒரு கதவு திறந்து மூடியது.

அவள் போனில் அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள், அக்கா எடுக்கவில்லை. பயிற்சி வகுப்பில் இருக்கிறாள் என்று அம்மா நினைத்துக்கொள்வாள்.

வெகு நேரம் கழித்து மேனேஜரின் மேசை போன் அடித்தது. அவர் கேட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"உங்களையும் கூப்பிடறாங்க அக்கா."

படியில் பாதி ஏறியிருப்பாள், சுண்டு இறங்கி வந்தான். தோளில் பட்டைகள் இல்லை. அவை இருந்த இடத்தில் துணி மட்டும் புதுசாக, வெளுக்காமல் இருந்தது. இந்தத் தடவை நின்றான்.

"தூக்கம் வரலைன்னு சொல்லியிருக்கேன். வீட்லதான் இருந்தேன்னு." அவன் படியைப் பார்த்துப் பேசினான். "விசாரணை முடியற வரைக்கும் நிறுத்தி வச்சிருக்காங்க. உரிமம் இன்னும் என்கிட்டதான் இருக்கு. வண்டியைப் பத்தி நான் சொல்லலை. உனக்கு மட்டும்தான் தெரியும்."

"இன்னைக்கு ராத்திரி அந்த வண்டிக்குப் போவியா?"

அவன் பதில் சொல்லாமல் இறங்கினான். அதுதான் பதில் என்று அவளுக்குப் புரிந்தது.

மாடி அறை அவள் நினைத்ததைவிடச் சின்னது. மேசைக்குப் பின்னால் அதிகாரி, எதிரே ஒரே ஒரு நாற்காலி. அவர் முரடரில்லை. உட்காருங்கள் என்றார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். காலையில் அவள் விலகியது பற்றிப் பிறகு பேசலாம், அது வேறு விஷயம் என்றார். அந்த 'வேறு விஷயம்' எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அவள் வேலை போயாயிற்று. வருத்தப்பட இன்னும் நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க தம்பி ராத்திரி வீட்ல இருந்ததாச் சொல்றார். நீங்க இருக்கிறது வேற வீடு. அவர் தூங்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா தலை குனிந்தாள். நாற்காலிக்கு முன்னால், சற்றுமுன் அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தில், சாம்பல் நிறக் கம்பளத்தில் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. ஷூவின் ஓரத்திலிருந்து உதிர்ந்த மாவு. அதிகாரி உட்கார்ந்த இடத்திலிருந்து அது தெரியாது. அவர் எழுந்தால் தெரியும்.

மறைத்தால் அவன் விமானி. இன்று ராத்திரி வண்டியிலும் ஏறுவான், ஒருநாள் மறுபடி விமானத்திலும் ஏறுவான். சொன்னால் இரண்டில் ஒன்றில் அவன் இனி ஏறவே முடியாது. ஒருத்தராவது மிஞ்ச வேண்டும் என்றுதான் அம்மா கேட்டிருந்தாள். எந்தப் பதிலைச் சொன்னால் யார் மிஞ்சுவார்கள் என்பதை மட்டும் அம்மா சொல்லித்தரவில்லை.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வலது காலை நகர்த்தி, அந்த வெள்ளைக் கோட்டின் மேல் ஷூவை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"சொல்றேன் சார்," என்றாள். காலை எடுக்காமலே பேசத் தொடங்கினாள்.